ஃபிளாஷின் அடியில் கருப்பு டேப்

மச்சான்,

உன் பழைய ஃபிளாஷ் என் மேசைமேல் கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. பேட்டரி போட்டதும் எழும் அதே மெல்லிய சத்தம், அதே சூட்டு வாடை. நீ இறந்து நாற்பதாம் நாள் முடிந்ததும், நாவலூரில் வேலைக்குப் போகும் உன் மகள் குரோம்பேட்டையில் இறங்கி வந்து கொடுத்தாள். "இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு அத்தா சொன்னாரு மாமா." எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவனுக்கு எதற்கு இது?

திருப்பிப் பார்த்தேன். கேமராவின் தலையில் செருகும் பாகத்தில், நடுவிலுள்ள சின்ன உலோகப் புள்ளியின் மேல் புதிதாகக் கருப்பு டேப் ஒட்டியிருந்தாய். அதே இடத்தில் இருந்த பழைய டேப்பை உரித்தவன் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் படமெடுக்கப் போன தாம்பரம் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? என் ஃபிளாஷ் மக்கர் பண்ணியது. நீ டிபன் பந்தியைப் படமெடுக்கப் போயிருந்தாய். உன் ஃபிளாஷ் ஓரமாக ஸ்டாண்டில் நின்றது. அதை நீ கேமராவில் மாட்டவே மாட்டாய். இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சம் பட்டால் தானும் அடிக்கும்படி தள்ளி நிறுத்தியிருப்பாய். நான் அவசரத்தில் கழற்றி, பிசுபிசுத்த டேப்பைக் கிழித்தெறிந்துவிட்டு, என் டிஜிட்டல் கேமராவில் மாட்டினேன். நாலு படம்தான். கேமரா செத்துப்போனது.

பெண்ணின் அப்பா பாய்ந்து வந்தார். "இன்னாய்யா, தாலி கட்டப் போறாங்கோ, நீ கேமராவைத் தட்டிக்கினு கீறியே!" நீ ஓடிவந்து உன் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு அவரிடம் சொன்னாய்: "என் ஃபிளாஷ்தான் சார் பழசு. தப்பு என்னுது."

நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாயோட ஓட்டை ஃபிளாஷ் என் கேமராவைக் காலி பண்ணிடுச்சு என்று தாம்பரம் பூராவும் சொல்லித் திரிந்தேன். டேப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அது எதற்கு என்றே அன்று எனக்குத் தெரியாது, சத்தியமாக.

இன்று டேப்பின் ஓரத்தைத் தூக்கி மல்டிமீட்டரை வைத்தேன். சிவப்பு முனை நடுப்புள்ளியில், கருப்பு முனை ஓரத்து உலோகத்தில். இருநூற்றுப் பத்து வோல்ட். மறுபடி வைத்தால் இருநூற்று முப்பது. சில கேமராக்கள் இதைத் தாங்குமாம், சிலவற்றுக்கு ஆறு வோல்ட்டே அதிகமாம். நீ இதை அளந்து, அது கேமராவுக்குள் பாயாமல் தடுக்கத்தான் டேப் ஒட்டியிருக்கிறாய். அப்படியானால் டேப் இல்லாததை அன்றைக்கே பார்த்திருப்பாய். அது தானாகப் பிய்ந்துபோனது என்று நம்பி, பழியை உன்மேல் போட்டுக்கொண்டாயா? இல்லை, எல்லாம் தெரிந்துமா?

தாங்க முடியாமல் உன் மகளுக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் மாமா. டேப் ஒட்டும்போது அத்தாவே சொன்னாரு. 'அவன் அவசரக்காரன், மறுபடியும் உரிச்சிடுவான்'னு சிரிச்சுக்கிட்டே ரெட்டையா ஒட்டினாரு."

பார்த்தேன். ரெட்டையாகத்தான் இருந்தது.

தூக்கிய ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன். இனி என் பையில் ஒரு கருப்பு டேப் சுருள் எப்போதும் இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை, மச்சான். சிரித்தாய் என்கிறாள். சிரிக்க முடிந்தவன் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கக் கூடாதா?