கொட்டகையில் போட்ட இலை

கிள்ளானில் உங்கள் தங்கை வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்கார மூப்பருக்கு, தோத்திரம். நான் சுகமாக, நல்ல கோபத்தோடு இருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வேதக்கோயில் அசன விருந்தில் நான் பந்தியை விட்டு எழுந்தது உங்களுக்கு அவமானமாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பாக்கியம் ஞானஸ்நானம் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. "நீ கொட்டகையில உக்காரு, எங்காளுங்க சாப்ட்டப்புறம் போடுவாங்க" என்று அவளை விரட்டியது யார்? வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

அதனால்தான் என் இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "இங்கயும் சாதி இருக்குன்னு தெரியாம வந்துட்டேன் அக்கா" என்றாள். இனிக் கோயிலுக்கு வரமாட்டாளாம்.

அன்பைப் பற்றி நீங்கள் ஜெபிக்க ஆரம்பித்தால் சுவரில் இருக்கும் பல்லிகூடத் தூங்கிவிடும். ஜெபித்தது போதும். சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து லயத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வருவதாகச் சொல்லிவிட்டேன். சோறு போட்டால் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கருவாடுதான் இருக்கும், முகம் சுளிக்காதீர்கள். அதைச் செய்யாமல் இங்கே வர வேண்டாம்.

தனியாகப் போக வெட்கமாக இருந்தால் துணைக்கு வருகிறேன். வாய் திறந்து கேட்க வேண்டியது மட்டும் நீங்கள்தான்.

கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி