அப்பா கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

ஒஹாயோ, நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரையும் தனியாகத் தூக்காதே. நான் சுகம். போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன், பெரிய விஷயமில்லை.

கல்லூரி உதவித்தொகைக்கு உன் வருமான விவரம் மட்டும் போதாதாம், அப்பாவுடையதும் வேண்டுமாம். அலுவலகத்தில் திருமதி ப்ரூயிட், "அவர் உங்களைக் கவனிச்சதே இல்லேன்னா, சொந்தக்காரர் அல்லாத ஒருத்தர் அதை எழுதிக் கொடுக்கணும்மா. இல்லேன்னா மொத்தமும் கடன்தான்," என்றார்.

அத்தையிடம் எண் வாங்கி அப்பாவையே அழைத்தேன்.

"யாரு?"

"லியோரா."

விஷயத்தைச் சொன்னதும், "கையெழுத்துப் போட்டா கடன் என் தலையில விழும். வேற ஆளைப் பாரு," என்றார். விழாது என்று இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டிய ஹாஸ்கெலிடம் கேளேன். பன்னிரண்டு வருடமும் நிறுத்தத்தில் உன்னை மட்டும்தானே பார்த்திருக்கிறார்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வேண்டும். என் பழைய போர்வையையும் அனுப்பு. அறைத்தோழி வேறு அறைக்குப் போய்விட்டாள். இடம் தாராளம், குளிர்தான் அதிகம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போனை வைப்பதற்கு முன் அப்பா, "என்ன படிக்கிறே?" என்றார். பாறைகளைப் பற்றி என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினேன். அவர் போனை வைக்கவில்லை. இங்கே வந்து மூன்று மாதத்தில் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை, அம்மா.

வகுப்புக்கு மணியாகிவிட்டது.

உன் லியோரா