வாசித்துக் காட்டிய பக்கங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு வாய்தா. குடை கோர்ட்டிலேயே போச்சு. மதியம், மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை முடித்தேன். பதினான்கு பக்கம், கணவன் செய்த பாலியல் கொடுமை எல்லாம் தேதிவாரியாக. ஆறு வயது மகளை வாரக் கடைசியில் தன் வீட்டில் தங்கவைக்க வேண்டும் என்று அவன் மனு போட்டிருக்கிறான். பதினான்காம் தேதிக்குள் எங்கள் பதில் போகாவிட்டால் பிள்ளை அங்கே போய்விடும்.

மார்ச் 5

கையெழுத்துக்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டுவது என் பதினாறு வருட வழக்கம். கதவைச் சாத்திவிட்டு, கோர்ட்டுக் குரலில் கணீரென்று வாசித்தேன். பத்திக்குப் பத்தி "சரிதானே?" "சரிங்க மேடம்." அழவில்லை, தடுக்கவில்லை. தைரியசாலி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒன்பதாம் பக்கத்தில் பாத்ரூம் போவதாக எழுந்தவள் திரும்பி வரவில்லை. செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 6

போன் எடுக்கவில்லை. நேற்று அறையில் கூடவே இருந்த டைப்பிஸ்டிடம் கத்தினேன்: "நாம மண்டைய உடைச்சுக்கறோம், இவங்க பாட்டுக்கு எழுந்து போயிடறாங்க!"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அவங்க எங்க மேடம் சரின்னாங்க? வாய்தான் சொல்லிச்சு. நாலாவது பக்கத்துலேர்ந்து அவங்க இங்கயே இல்ல. நீங்க பேப்பரப் பாத்துட்டு இருந்தீங்க."

சுருக்கென்றது.

மார்ச் 7

அய்யோ, என்ன செஞ்சுட்டேன்! சாத்தின கதவு. அதுக்கு முதுகு காட்டி அவ நாற்காலி. அவன் பேசின பேச்செல்லாம் அப்படியே, சத்தமா, என் வாயால — அவளுக்கு அது இன்னொரு தடவை நடந்த மாதிரிதானே? நல்லது செய்யறேன்னு நெனச்சேனே, மடச்சி.

மார்ச் 10

செய்தி அனுப்பினேன்: "தப்பு என் மேல. மன்னிச்சிடுங்க. எதையும் திரும்பச் சொல்ல வேண்டாம். எங்க உட்காரலாம்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டு மணி நேரம் கழித்து பதில்: "நாளைக்கு. கடை பின்பக்கம். அக்கா கூட இருப்பா."

மார்ச் 11

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். கதவு திறந்தே இருந்தது. பேனா அவள் கையில். அவளே மனசுக்குள் படித்தாள். நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள். அக்கா என்னைப் பார்த்து, "நான் ஒரு பிஸ்கட் சாப்பிடலாமா, இல்ல அதுக்கும் ஆர்டர் வாங்கணுமா?" என்றதும் மூவரும் சிரித்துவிட்டோம்.

மூன்று பத்தியை அடித்தாள். வழக்குக்கு அவை தேவையே இல்லை. கனமாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தவை. பிறகு ஒரு வரியில் பேனா நின்றது. "கத்தினேன்னு போட்டிருக்கீங்க. நான் கத்தலைங்க மேடம். குரலே வரல."

போன புதன்கிழமை இதற்கும் "சரிங்க மேடம்"தான். அப்படியே தாக்கல் செய்திருந்தால் குறுக்கு விசாரணையில் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

மார்ச் 14

தாக்கல் ஆச்சு. டைப்பிஸ்டுக்கு நன்றி சொன்னேன். "மேடம், உடம்பு சரியில்லையா?" என்றாள். இருக்கட்டும். அவள் இல்லையென்றால் நான் இன்னும் கணீரென்று வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 29

பிள்ளை அம்மாவிடமே! அப்பா மாதம் ஒரு மணி நேரம், கோர்ட்டிலேயே, ஆள் முன்னிலையில் பார்க்கலாம். கூண்டில் "ஏன் கத்தவில்லை?" என்று அவர்கள் வக்கீல் கேட்டார். "குரல் வரலைங்க" என்றாள், நேராக நிமிர்ந்து. அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

மே 13

மருந்துக்கடைப் பெண் வந்து நின்றாள். உத்தரவு நகலுக்கு என்று நினைத்தேன். பின்னால், கடையில் கூட வேலை செய்யும் சின்னப் பெண். தலை நிமிரவில்லை.

"இவ எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டா மேடம். அங்க சொல்லவே வேணாம், சும்மா வந்து உக்காருன்னு கூட்டிட்டு வந்தேன்."

என்னை நம்பி இன்னொருத்தியை! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? முக்கால் மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் நின்று, வியாழக்கிழமை வரலாமா என்று கேட்டாள்.