மோட்சத்தில் அம்மா யார் பக்கத்தில்

ஆகஸ்ட் 27, புதன்

அம்மா இன்று டூட்டிக்கு இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டினாள். இரண்டிலும் சாளை மீன் குழம்பு. எதற்கு இரண்டு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

இரண்டாவது டப்பா ஜெரிஷ் அங்கிளுக்கு. அம்மா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஏசி டெக்னீஷியன். ஊரில் எங்கள் கடற்கரைக்காரர்தான். அம்மாவே சொன்னாள். அவரைக் கட்டிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம் மக்களே. கேட்டியா?"

தலையை ஆட்டினேன். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் எதற்கு ஆட்டினேன்?

அப்பா இறந்து ஐந்து வருடம். சவூதியில், அல் கோபாரில், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலி. அன்று அம்மா என்னிடம் சொன்னாள்: "அப்பா மோட்சத்துல சம்மனசாயிட்டாரு, றெக்க வச்ச தேவதூதரா. நமக்காகக் காத்துட்டு இருக்காரு." காத்திருக்கிறவரிடம் நான் இதை எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 5, வெள்ளி

கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம், இங்கே வெள்ளிக்கிழமைப் பூசையில், ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். இன்று முதல் ஓலை. "காலஞ்சென்ற பத்திநாதனின் மனைவி தேவகனிக்கும்..." அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்து வந்தன. மூச்சு விடுவதற்குள் இன்னொரு பெயர்.

தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒரு தடை தெரியும். ஆனால் வாய்? ஊரிலிருந்து இந்த அல் ஐனுக்கு வந்த புதிதில், வகுப்பில் டீச்சர் இங்கிலீஷில் பெயர் கேட்டபோதே திறக்காத வாய். படிப்பும் அந்த வருடத்தோடு நின்றது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மா புதுச் செருப்பு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். யாருக்குத் தெரியாமல்? எனக்கா, அப்பாவுக்கா?

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாம் ஓலை. பூசை முடிந்ததும் ஃபாதர் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"ஒரு தடை இருக்கு ஃபாதர்."

அவர் கை அப்படியே நின்றது.

"அப்பா மோட்சத்துல சம்மனசா இருக்காங்க. அம்மா அங்க போனா யாருக்குப் பொண்டாட்டி?"

அவர் சிரிக்கவில்லை. புருஷன் சாகச் சாக ஏழு பேரைக் கட்டிய ஒருத்தியைச் சொல்லி இயேசுவிடமே இதைக் கேட்டார்களாம். அங்கே கல்யாணமே கிடையாதாம். சாவோடு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், அதனால் தடை இல்லை என்றார்.

"இன்னொண்ணும்மா. மனுசங்க சம்மனசா மாற மாட்டாங்க. அது வேற படைப்பு. உங்கப்பா மனுசராத்தான் இருப்பாரு. கடைசி நாள்ல தன் உடம்போட எழும்புவாரு."

ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டு ஒரு குடும்பம் வாசலில் நின்றது. வந்துவிட்டேன்.

அப்பா சம்மனசு இல்லையா? அப்படியென்றால் ஐந்து வருடமாக, ஜெபம் முடிந்ததும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்? அங்கே மனைவி இல்லை — மகள் மட்டும் உண்டா? அதைக் கேட்க மறந்துட்டேன். இல்ல, மறக்கல. பயம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "மோட்சத்துல நீ யாரு பக்கத்துல நிப்ப?"

துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "இதையா மனசுல வச்சுட்டு அலைஞ்சே?" என்றாள். பிறகு ஃபாதருக்குப் போன் செய்து, மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் கேட்டதுக்குப் பதில் வரல. கேக்காதது நடந்துடுச்சு.

செப்டம்பர் 16, செவ்வாய்

அம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் ஏசியில் தண்ணீர் சொட்டியது. ஜெரிஷ் அங்கிள் வந்து ஸ்டூலில் ஏறினார். அம்மா அடுக்களையைவிட்டு வரவில்லை. அவர் மேலிருந்தபடியே பேசினார்.

"நீ கேட்டத ஒங்கம்மா சொன்னா. நல்ல கேள்வி பிள்ளே. எனக்க ஷாஜினியும் அங்கதானே இருக்கா."

அவருக்கு மனைவி இருந்து இறந்தது தெரியும். அவளும் அங்கே காத்திருப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அவ பெரிய வாயாடி. இதுக்குள்ள ஒங்கப்பாட்ட எனக்க கொறட்டையப் பத்தி எல்லாம் சொல்லியிருப்பா. 'தேவகனி பாவம்'னு ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருப்பாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அங்க போனா அவங்க மொகத்துல எப்படி முழிப்பீங்க?" கேட்டது நான்தான். நானே!

கழன்றுவிட்ட திருகாணியையே சுற்றிக்கொண்டிருந்தார். "தெரியலையே பிள்ளே. நெனச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"ஏட்டி, ஸ்டூலைப் பிடி. விழுந்து தொலைக்கப் போறாரு," என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள். பிடித்தேன்.

அவர் போன பிறகு அம்மா மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சோறு குழைந்துவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா, நீங்க இப்ப என்னவா இருக்கீங்க, எங்களைப் பாக்குறீங்களா, அம்மா ஒங்களுக்கு யாரு — ஒண்ணும் புரியல. ஃபாதர் சொன்னதும் பாதிதான் புரிஞ்சுது. நான் கேட்டுட்டே இருப்பேன். அதுவரைக்கும் அம்மா கதவைப் பாத்துட்டு நிக்கணுமா?

பூசை தொடங்குமுன் அம்மாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஃபாதரிடம் மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொன்னேன்.