படத்தில் பெய்யாத மழை

லாங்கலாந்து,
அக்டோபர் 19

அன்புள்ள எஸ்கில்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே சுகம்தான், படி ஏறும்போது அப்பாவின் முழங்கால் முனகுகிறது, கூடவே அவரும் முனகுகிறார், மற்றபடி குறையில்லை. நியூசிலாந்தில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், கைக்கு வேலையும் வேளைக்குச் சாப்பாடுமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஆப்பிள் பறித்து முடிந்தது, இந்த வருடம் ஏகப்பட்ட காய்ப்பு, ஜாம் வைக்கப் பாட்டில் போதவில்லை. தொலைபேசியில் பேசினால் காற்றையும் மழையையும் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன், ஐந்து வருடமாக அப்படித்தானே செய்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர் மழலையர் பள்ளியை மூடிவிட்டார்கள். நீ கிளம்பிப் போன அதே வருடம் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்களே, தொழிற்சாலையில் செய்த அந்தப் பெட்டி அறைகள், அவற்றின் சுவருக்குள் பூஞ்சை. கண்டுபிடித்தவள் டோவ டீச்சர்தான். குழந்தைகள் திங்கள் முதல் வெள்ளி வரை இருமுகிறார்கள், சனி ஞாயிறு வீட்டில் இருமுவதில்லை என்று நோட்டில் குறித்து வைத்து, யாரும் காதில் வாங்காததால் தானே ஒரு கடப்பாரையை எடுத்துப் பலகையைப் பெயர்த்துவிட்டாள். உள்ளே அடுப்புக் கரி மாதிரிக் கறுப்பு. இப்போது பதினேழு பிள்ளைகளும் ஊர்க் கூடத்தில், மேசைகளுக்கு நடுவே தூங்குகிறார்கள்.

போன மாதம் இதற்காக ஊர்க் கூட்டம் போட்டார்கள். அதே ஆளிடம் புதுப் பெட்டிகள் வாங்கலாம், இந்த முறை நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்று முடிவாகப் போகிற நேரத்தில், கிரெஸ்டன் (அன்று நீ இந்தப் பள்ளியை வைக்கோல் கட்டுகளால் கட்டலாம் என்றபோது தன் வயலிலிருந்து வைக்கோல் தருகிறேன் என்று சொன்ன அதே கிரெஸ்டன்) சும்மா கிண்டலுக்கு, என்னைக் காட்டி, "போடிலோட மகன் சொன்ன வைக்கோல் வீட்டைக் கட்டியிருந்தா இந்நேரம் என் மாடாவது தின்னிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன் எஸ்கில்டு, அதை மறைக்கப் போவதில்லை. அப்போது டோவவின் முகம் கண்ணில் பட்டது, அவள் சிரிக்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அதே கூடத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது, ஆனால் அதில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. உன் வரைபடங்களையும் கணக்கையும் ஊரில் இருக்கிற ஒரே கட்டடக் கலைஞர் என்று என்னிடம்தான் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மூன்று நாள் பார்த்தேன். வைக்கோல் கட்டின் அடர்த்தி, கூரையின் பாரம், ஈரம் உள்ளே வந்தால் வெளியேறுகிற வழி, உள்ளே களிமண் பூச்சு வெளியே சுண்ணாம்புப் பூச்சு, எல்லாம் சரியாக இருந்தது. அடித்தளத்தை மட்டும் ஒரு சாண் உயர்த்தியிருக்கலாம், கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் தெறிக்காமல் இருக்கும், அவ்வளவுதான் குறை, பென்சிலால் ஒரு கோடு போட்டால் தீர்ந்துவிடும். உன் வண்ணப் படங்களையும் பார்த்தேன். பெரியவர்கள் உயரத்துக்கு வைக்காமல் நாலு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு ஜன்னல் வைத்திருந்தாய், சுவரின் கனத்தையே உட்காரும் இடமாக்கி அதில் ஒரு சிறுமி காலை மடக்கி உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தாய். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் நான் வரைந்த எந்தக் கட்டடத்திலும் ஒரு குழந்தை அப்படி உட்கார இடமில்லை. அது எனக்கு உறைத்தது. உறைத்ததனால்தான் கூட்டத்தில் எழுந்து, "படம் ரொம்ப அழகா இருக்கு, ஆனா படத்துல மழை பெய்யாது, இங்க பெய்யும்" என்றேன். கூடமே சிரித்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், தாள்களைச் சுருட்டினாய். நான் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டேன், உன் மனம் நோகக் கூடாதென்று வெளியில் சொல்லவில்லை என்றுதான் நீ இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. தப்பே இல்லை. தெரிந்தே பொய் சொன்னேன்.

ஏன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன், ஊரின் பணம், பிள்ளைகளின் பாதுகாப்பு என்றெல்லாம். உண்மையான காரணம் சிறியது. என் அலுவலகத்தில் பார்த்த வேலையை நீ விட்டுப் போனபோது, "உங்க கட்டடத்த எல்லாரும் பாக்குறாங்கம்மா, யாரும் தொட்டுப் பாக்குறதில்ல" என்றாய். அந்த முள்ளை நான் எடுக்கவே இல்லை, உள்ளே வைத்துச் சீழ் பிடிக்க விட்டேன்.

போன மாதக் கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் அப்படியே சொன்னேன். கிரெஸ்டன், "அப்போ இத்தன வருஷமா நாங்க சிரிச்சது உன் பொய்யக் கேட்டா?" என்றார். ஆமாம் என்றேன். டோவ எழுந்து வந்து என் எதிரில் நின்று, "எட்டுப் பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்குது போடில், உனக்கு ஒரு வார்த்தைதானே அது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வீட்டு வாசலில் அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் சொல்லலியே" என்றார், அவ்வளவுதான். அன்று முதல் தனியாகத்தான் காப்பி குடித்தார்.

பிறகு ஊர் கூடி முடிவெடுத்தது, உன் வீட்டைத்தான் கட்ட வேண்டும் என்று, நீ சம்மதித்தால். கணக்கைச் சரிபார்க்க பக்கத்து நகரமான ஸ்வென்போரிலிருந்து வேறு ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள், நான் வேண்டாம் என்றார்கள், அது நியாயம். அதற்கு முன் ஒரு சோதனைச் சுவர் எழுப்பிப் பார்க்கிறார்கள். டோவ வேலிக்கு அப்பாலிருந்து, "உன் யோசனை யாருக்கும் வேணாம், மண்ணு மிதிக்க ஆள் வேணும், வர்றியா?" என்று கேட்டாள். போனேன். களிமண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும், முழங்கால் வரை. அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக ஒரு சுவரைக் கையால் பூசினேன், மட்டப்பலகை இல்லாமல் உள்ளங்கையால். கோணலாகத்தான் வந்தது. ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனது, அந்த அச்சை யாரும் அழிக்கவில்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை, ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டத்தன்று இரண்டு நிமிடம் நேர்மையாகப் பேசியிருந்தால் இந்தச் சுவரை நீயும் நானும் சேர்ந்து பூசியிருப்போமே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இதற்காக நீ திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதவும் கை வரவில்லை, அது இன்னொரு வேலையை உன் தலையில் வைப்பது போலாகும். நேற்று அப்பா எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அங்கே கட்டட வேலையில் சுண்ணாம்பு பூசும்போது கண்ணாடி போட்டுக்கொள், உனக்குக் கண் சிவக்கும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். முதுகை வளைத்து வைக்கோல் கட்டைத் தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

டோவ உனக்குத் தனியாக எழுதுவாள். மாட்டேன் என்று சொல்ல நினைத்தால் அவளிடம் மாட்டேன் என்றே சொல், என் முகத்துக்காக எதையும் ஒத்துக்கொள்ளாதே. சம்மதமானாலும் அவளுக்கே எழுது. எனக்கு எழுத வேண்டிய கட்டாயம் உனக்கில்லை. எழுதினால் படிப்பேன், கோபமாக எழுதினாலும் கடைசி வரி வரை படிப்பேன்.

உன் அம்மா,
போடில்