அந்தச் செயின் அப்போதே கிடைத்துவிட்டதாம், தேனு

என் தேனுவுக்கு,

தாரிகாவைப் பார்த்துவிட்டேன்டீ. டிவியில் இல்லை, நேரில். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் புதிதாகத் திறந்த நகைக்கடையின் மாடியில், என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் என் கையில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீ கோபப்படுவாயா, சிரிப்பாயா? சிரிப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதை ஊரே படிக்கட்டும் என்று எழுதுவதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் பள்ளியில் படிக்கும்போது ‘லாங் பெல்’ என்று ஒரு தொடர் வந்தது. ஒரு வகுப்பு, அதில் படிக்கிற பிள்ளைகள், அவர்களுடைய சண்டையும் காதலும். சாயங்காலம் அது ஓடும் நேரத்தில் டியூஷனுக்கு ஒரு பிள்ளை வராது. அதில் நீயும் நானும் நடித்தோம். நான் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன், நீயும் மாமாவும் கடலூரில் ஏறுவீர்கள். உன் அப்பா நம் இருவரையும் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். தாரிகாதான் கதாநாயகி அபி. நான் அபிக்குப் பின்னால் நின்று “ஆமாப்பா” என்று சொல்கிறவள். நீ வில்லி. டிபன் பாக்ஸைத் திருடுவாய், பரீட்சைத் தாளைத் திருடுவாய், பழியை அபி மேல் போடுவாய். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா உன்னைப் பார்த்து, “ஏன்டி அந்தப் பொண்ணப் போட்டு இம்சை பண்ற?” என்று திட்டினார். உனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். நன்றாக நடிக்கிறோம் என்று.

அந்த நடிப்புதான் உனக்கு வினையாக வந்தது.

விளையாட்டு விழா காட்சி எடுத்த அன்று தாரிகா தன் தங்கச் செயினைக் கழற்றி வைத்தாள். ஷூட்டிங் முடிந்ததும் காணவில்லை என்று அழுதாள். “தேன்மொழிதான் சார் பக்கத்துல இருந்தா” என்றாள். அவ்வளவுதான். புரொடக்‌ஷன் மேனேஜர் உன் பையை எல்லார் முன்னாடியும் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, பாதி தின்ற பிஸ்கெட், துணியில் சுற்றி வைத்திருந்த நாப்கின் எல்லாம் மண்ணில் விழுந்தன. பசங்க பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பையையும் கொட்டி, “என்னுதையும் பாருங்க சார், நானுந்தான் பக்கத்துல இருந்தேன்” என்று கத்தினேன். யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு என் பை வேண்டாம். வில்லியின் பைதான் வேண்டும்.

செயின் கிடைக்கவில்லை. “எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பா” என்றார்கள். அடுத்த வாரம் கதையில் உனக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் அன்றோடு போகவில்லை. இனி நடிக்கப் போகமாட்டேன் என்றதற்கு என் அம்மா திட்டியதும், மாமா வாயே திறக்காமல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

டிவியில் திருடி என்று பெயர் வாங்கியது போதாதென்று ஊரிலும் வாங்கினாய். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த வரன், பாக்கு வெற்றிலை மாற்றுகிற அளவுக்கு வந்து நின்றுபோனது. “டிவில நடிச்சப்போ ஏதோ நகைத் திருட்டாமே” என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டுச் சொன்னார். ஜவுளிக்கடை வேலைக்குப் போனாய். அங்கேயும் யாரோ சொல்லிவிட, வீட்டுக்குக் கிளம்பும்போது உன் பையை மட்டும் திறந்து பார்ப்பார்கள். அதற்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு கையையும் மடியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் உட்காருவாய். என் பியூட்டி பார்லருக்கு வந்தால்கூட உன் கைப்பையைத் திறந்து மேஜைமேல் வைப்பாய். “மூடுடி, என்கிட்டயுமா?” என்று கேட்டிருக்கிறேன். “பழகிடுச்சுடி” என்பாய். அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முப்பது வயதுகூட ஆகாமல் நீ போய்விட்டாய். பெயர் மட்டும் போகவில்லை.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பாயே, சொல்கிறேன். நம் ஹீரோ ரோஹன் இப்போது மனை விற்கிற விளம்பரத்தில் வருகிறான். பொட்டல் காட்டில் கூலிங் கிளாஸ் போட்டு நின்று கையை நீட்டுகிறான். தலையில் முடி பாதி போய்விட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி. டைரக்டர், கல்லூரி கல்லூரியாகப் போய், பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொள்வது எப்படி என்று பேசுகிறார். கேட்டாயா அநியாயத்தை? மேனேஜருக்கு முட்டி தேய்ந்து, நடக்க முடியாமல் வீட்டில் இருக்கிறாராம். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குண்டு பாபு மட்டும் நல்லவன். விழுப்புரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். உன் சாவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனவன் அவன் ஒருவன்தான். தாரிகா மூன்று சீரியலில் நாயகி. அவளுக்கு ஊரில் இன்னும் அபி என்றுதான் பேர்.

அந்த அபி போன மாதம் ஒரு யூடியூப் பேட்டியில் உட்கார்ந்து சிரித்தாள். ‘லாங் பெல்’ நாட்களில் மறக்க முடியாத காமெடி எது என்று கேட்டார்கள். “என் செயின் காணாமப் போய் செட்டே அல்லோலகல்லோலம். பார்த்தா வீட்ல அம்மா என் கேன்வாஸ் ஷூவைத் துவைக்கப் போட்டப்போ உள்ளேர்ந்து விழுது! நானே சாக்ஸுக்குள்ள சுருட்டி வெச்சிருக்கேன்!” கேட்டவனும் சிரித்தான். கீழே ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

தேனு, நான் பார்லரில் ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலைக் கீழே போட்டுவிட்டேன்.

நகைக்கடை திறக்க அவள் வருகிறாள் என்று சிதம்பரம் முழுக்க பேனர் வைத்தார்கள். அந்தக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் மேக்கப் போட்டேன். நானே போய்க் கேட்டு, தாரிகாவுக்கு மேக்கப் போடுகிற வேலையை வாங்கினேன். அவள் முகத்தில் நிறத்தை மாற்றிப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் பூசிய மாதிரி ஆக்கிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். செய்யவில்லை. என் தொழிலை அவளுக்காக நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் வயதுதான் அவளுக்கும், “அக்கா, கொஞ்சம் லைட்டா போடுங்க” என்றாள். வலது கண்ணை முடித்தேன். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அந்த செயின் இன்டர்வியூ பார்த்தேன் மேடம். அப்ப யார் மேல சந்தேகப்பட்டீங்க?”

“யாரோ ஒரு பொண்ணுக்கா. வில்லி ரோல் பண்ணுவா. பேரு மறந்துபோச்சு.”

“தேன்மொழி.”

“ஆங், தேன்மொழி! எப்படி இருக்கா?”

“செத்துட்டா.”

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். ஒரு கண் அபியுடையது. இன்னொரு கண் வெறும் கண். அப்போதுதான் என் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நீ செல்விதானே?”

“ஆமா. அவ அத்தை மக. ஷூவிலேர்ந்து செயின் விழுந்துச்சே, அத யார்கிட்டயாவது சொன்னியா நீ?”

“அம்மா சொல்ல வேணாம்னாங்க. நமக்குத்தான் அசிங்கம்னாங்க. சின்னப் பொண்ணு செல்வி நானு.”

“அவளும் சின்னப் பொண்ணுதான். அவ அம்மாவுக்கு இப்ப போன் போடறேன், பேசு. பேசினா இந்தக் கண்ணையும் முடிப்பேன். இல்லன்னா இப்படியே போ.”

அவளுடைய மேனேஜர் உள்ளே ஓடிவந்தான். “இன்னாம்மா, மிரட்டறியா? வேற ஆளைக் கூப்புடறேன்.”

“கூப்புடுங்க சார். இன்னிக்கு பெரிய முகூர்த்தம். சிதம்பரத்துல ஒரு பியூட்டிஷியன் கெடைச்சா நான் காதை அறுத்துக்கறேன்.”

கீழே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ராகு காலம் வருவதற்குள் திறக்க வேண்டும் என்று கடைக்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஜனங்கள் “அபி! அபி!” என்று கத்துவது மாடி வரைக்கும் கேட்டது. தாரிகா கையை நீட்டி போனை வாங்கினாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். நகைக்கடைப் பெண்கள் அறை வாசலில் கூடிவிட்டார்கள்.

“அம்மா, நான் தாரிகா. லாங் பெல்ல தேன்மொழியோட நடிச்சேன்.”

“சொல்லும்மா” என்றார் அத்தை, உன் அம்மா.

“அந்த செயினை தேன்மொழி எடுக்கலைம்மா. எங்க வீட்லயே கெடைச்சுடுச்சு.”

அத்தை கேட்டார்: “எப்ப கெடைச்சிது?”

இந்தக் கேள்வி எனக்குக்கூடத் தோன்றவில்லை தேனு. தாரிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்பவேம்மா. அந்த வாரமே.”

“அந்த வாரமேவா.” அத்தையின் குரல் உடையவில்லை. “இத்த எதுக்கும்மா எங்கிட்ட சொல்ற? எம்பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? தெரியாதவுங்க இருக்காங்களே, அவுங்ககிட்ட போய்ச் சொல்லு.” போனை வைத்துவிட்டார்.

தாரிகா அழுதாள். போட்ட கண்ணும் கரைந்தது. அதைத் துடைத்து மறுபடி போட்டேன். “கேட்ட இல்ல? தெரியாதவுங்க எல்லாம் கீழதான் நிக்கிறாங்க” என்றேன். “சரி, சொல்றேன்” என்றாள். வாக்குத் தவறாமல் இரண்டு கண்ணையும் முடித்தேன். அன்று அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். என் கைவேலை.

மேடையில் என்ன செய்தாள் தெரியுமா? ரிப்பனை வெட்டினாள், மைக்கைப் பிடித்தாள், தில்லையைப் புகழ்ந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “என்கூட நடிச்ச என் ஃப்ரெண்ட் தேன்மொழி, உங்க கடலூர்ப் பொண்ணு, இப்ப நம்மகூட இல்ல. ஐ மிஸ் யூ தேனு” என்றாள். கூட்டம் கைதட்டியது. அதோடு நிறுத்திவிட்டாள். உன்னை வைத்தும் கைதட்டல் வாங்கிக்கொண்டாளடீ!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் தலையில் பூவைச் சரிசெய்யப் போகிறவள் மாதிரி மேடையேறினேன். அவள் பிடித்திருந்த மைக்கிலேயே சொன்னேன். “மிச்சத்தையும் சொல்லுங்க மேடம்.”

கடைக்காரர் என்னை முறைத்தார். நான் இறங்கவில்லை, அவள் பக்கத்திலேயே நின்றேன். தாரிகா என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. சொன்னாள். செயின், ஷூ, உன் பையைக் கொட்டியது, கிடைத்த பிறகும் வாய் திறக்காதது, எல்லாம். “தேன்மொழி திருடலை. பழி போட்டது நான்தான்” என்று அவள் வாயால் சொன்னாள். முன்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் சத்தமாக, “அடிப்பாவி!” என்றாள். உன் வாழ்நாள் முழுக்க நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதைத் தாரிகா காதாரக் கேட்டாள்.

எத்தனை போன்கள் அதைப் படம் பிடித்தன என்று தெரியாது. மறுநாள் கடலூர், சிதம்பரம் எல்லாம் அதே பேச்சு. பேட்டி வீடியோவை அவள் எடுத்துவிட்டாள். இதை யாராலும் எடுக்க முடியவில்லை. “இப்ப உனக்கு சந்தோஷமா?” என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாள். “இல்ல” என்று பதில் போட்டேன். உண்மையைத்தான் சொன்னேன். நீ கேட்காத ஒன்று, ஊரே கேட்டு என்ன? கடைக்காரர் இனிமேல் எந்தக் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார். போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வாரம் குறிஞ்சிப்பாடியிலிருந்து அந்த அம்மா, உன் மாமியாராக இருந்திருக்க வேண்டியவர், உங்கள் வீட்டுக்கு வந்தார். “தெரியாம நடந்துபோச்சு அண்ணி” என்று வாசலில் நின்றார். நான் அப்போது அங்கே இருந்தேன். வாசலுக்கு வந்த யாரையும் உங்கள் வீட்டில் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. அத்தை அவரை உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பார்த்துவிட்டு, “சரி, போய்ட்டு வாங்க” என்றார். வெயிலில் அந்த அம்மா பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதை நாங்கள் இருவரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். அத்தை அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நீ போனதிலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது டிவிக்காரர்கள் ‘லாங் பெல்’ ஆட்கள் எல்லாரையும் ஒன்றுசேர்த்து ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம். உன் படத்துக்கு மாலை போட்டு அஞ்சலி செலுத்த வேண்டும், நல்ல படமாகக் கொடுங்கள் என்று அத்தையிடம் கேட்டார்கள். அத்தை என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் தேனு. பாபுவும் கூட வருகிறான். உன் பையைக் கொட்டியவர் முட்டி வலியோடு வந்தாலும், பிள்ளைகள் மனதைப் படித்த டைரக்டர் காரில் வந்தாலும், முதலில் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லட்டும். அதுவரைக்கும் உன் படம் என் மடியை விட்டு இறங்காது. அவர்கள் கையால் உனக்கு ஒரு பூ விழ விடமாட்டேன். இது சத்தியம்.

உன் அத்தை மகள்,
செல்வி
சிதம்பரம்