கொழுந்து மாடியில் காய்ந்த விரிப்புகள்

நேற்று நம் விடுதியின் வரலாற்றில் முக்கியமான முடிவொன்று எடுக்கப்பட்டது. துணி அலுமாரியில் இனிப் பூச்சி உருண்டை வைப்பதில்லை. என் மனைவி முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன், எதிர்ப்பு இல்லை. உருண்டைகளை அள்ளி வெளியே போட்டதும், அவை இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்த ஈர வாடை எழுந்து வந்தது. நம் ஊர் கொடகவெலவின் மழை வாடை. உடனே உன் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

விடுதி திறந்த புதிதில், பயணிகள் இரவில் தங்கும் இடத்தில் எதை அதிகம் விரும்புகிறார்கள் என்று நான் நிறையப் படித்தேன். வேகமான இணையம், ஜன்னலில் மலை, தலையணை மேல் ஒரு பூ. மூன்றுக்கும் ஏற்பாடு செய்தேன். உடவளவைக்கு யானை பார்க்கப் போகிறவர்கள் நனைந்து வந்து, பூவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, விரிப்பைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து என்னோடு தேநீர் குடிக்க வந்த நீ, என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிறவன், இதைக் கொஞ்சநாள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“யானைய அவங்களே பாத்துக்குவாங்க நானா. நீங்க காஞ்ச பெட்ஷீட்ட குடுங்க.”

அதற்கு வெயில் வேண்டுமே என்றேன். வெயில் எதற்கு, எங்கள் மாடி இருக்கிறதே என்றாய். சூடான காற்றை ஊதிக் கொழுந்தை வாட்டும் அந்த மாடிக்கு நீதான் பொறுப்பு. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கொழுந்து இல்லாத நேரம் பார்த்து, நம் விரிப்புகளை அங்கே கொண்டுபோய் விரித்தாய்.

அவை பச்சைக் கொழுந்தின் வாசனையோடு திரும்பி வந்தன. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று அந்த வாசனைத் திரவியம் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. வெளியில் விற்பதில்லை என்றேன்.

கொழுந்து வாசனை துணிக்கு வந்தால், துணியின் வாசனை கொழுந்துக்கும் போகும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்த்தவர்கள், துணி துவைக்கும் சவர்க்காரம் மணக்கிறது என்று ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்பினார்கள்.

தொழிற்சாலையை நடத்தும் துரை, மாடியில் வேலை செய்த பெண்களை வரிசையாக நிறுத்தினார். யாரென்று சொல்லாவிட்டால் எல்லோருக்கும் வேலை போகும் என்றார். நீ முன்னால் போய் நின்றாய். குடியிருந்த வீடும் அந்த வேலையோடு சேர்ந்தது என்பது உனக்குத் தெரியும்.

“அவங்கள விடுங்க தொர. காயப் போட்டது நான்தாங்க.”

யாருடைய துணி என்று கேட்டாராம். “மழையில நனைஞ்சு வந்தவங்களோடதுங்க” என்றாயாம். அந்தப் பெண்களில் ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள். துரைக்கு அது தொழிற்சங்கப் பேச்சாகப் பட்டிருக்கிறது; உன் வேலை போயிற்று.

அதற்குப் பிறகு நம் சமையலறை அடுப்புக்கு மேலே நீ கயிறு கட்டினாய். விருந்தினர் வாசனையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, நன்றாகத் தூங்கினார்கள். உன்னை அடக்கம் செய்த அன்றும் மழைதான். இப்போதும் எந்த ஊரில் தங்கினாலும், பையை இறக்கி வைக்கும் முன்னே என் கை தானாக விரிப்புக்குப் போகிறது.

உன் மனைவி சுகமாக இருக்கிறார். தொழிற்சாலை வீட்டைக் காலி செய்து நீங்கள் இருவரும் சாமான்களோடு வந்திறங்கிய அதே அறையில்தான் இருக்கிறார். விடுதியில் ஐந்து அறைகள். நான்கை வாடகைக்கு விடுகிறோம்.